பேட்டன்ட் யார் பேரில்?

சலாம் மெட்ராசிலிருந்து வந்திருக்கிறான் என்ற செய்தி, அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கொடைக்கானல் கடைவீதிக்கு வந்துவிட்டது.

"ராவுத்தர் மகன் ஏரிக்கரை ஓட்டல்ல எறங்கியிருக்காராம்ல? பேங்க்காரங்க பூராப் பேரும் கூடியிருக்காங்களாம். அவரு மிஷினை ஓட்டிக் காட்டப் போறாராம்" என்று பிளம்ஸ் கூடையை இடுப்பில் ஏந்தியபடி சின்னத்தாயி கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

'இப்ராம்சா ரேடியோ ஹவுஸ்' பின்னறையில் உட்கார்ந்திருந்த சலாமின் தங்கை ஹமீதுன்னிசாவுக்கு சந்தோஷத்தில் கை ஓடவில்லை. ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த ரேடியோவை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

அந்த மிஷினுக்கும் அவளுக்கும் உள்ள உறவு வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

பேங்குகளின் தலைமை ஆபீசில் தினமும் செக்குகள் மூட்டை மூட்டையாக வந்து குவியும். எது எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். சலாம் வேலை பார்க்கும் மெட்ராஸ் கம்பெனி அதற்கு ஒரு மிஷின் செய்தது. செக்கின் அடியில் அச்சடித்த கறுப்புக் கோடுகளை வெளிச்சத்தால் படித்து, அந்தந்தக் கிளையின் பெட்டிக்கு மேல் இருக்கும் இரும்பு நாக்கை ஒரு காந்தச் சுருளால் இழுத்து, செக்கைச் சரியான பெட்டியில் தள்ளும் மிஷின். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுருளுக்குப் போகும் மின்சாரம் நிற்கும்போதெல்லாம் திரும்பி ஓர் உதை உதைக்கும். ஊர்க் கரண்ட் ஏறி இறங்கினால் அது வேறு. கடுகளவு டிரான்சிஸ்டர் அந்த உதையை எப்படித் தாங்கும்? மிஷின் ஓடிய நாளைவிடச் செத்துக் கிடந்த நாளே அதிகம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் சலாம் லீவில் வந்தபோது, மிஷினிலிருந்து கழற்றிய, கருகிப்போன ஒரு டிரான்சிஸ்டர் தகட்டை இந்தப் பின்னறை மேஜையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "இதோட என் வேலை போச்சு, ஹமீதா."

மதுரையில் பெரியம்மா வீட்டில் தங்கி பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அத்தா இப்ராம்சாவின் கடையில் ரேடியோ ரிப்பேரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தத் தகட்டை வாங்கிக்கொண்டாள். மறுபடி அவன் ஊருக்கு வந்தபோது, டிரான்சிஸ்டர் சாகாமல் காக்கும் சின்ன மின்சுற்று ஒன்று அதே மேஜையில் தயாராக இருந்தது.

"ரெண்டு பேர் பேர்லயும் பேட்டன்ட் போட்டுருவோம். மொதல்ல ஒம் பேரு, பெறகு எம் பேரு" என்றான் சலாம். அவன் மனைவி ரபியா அப்போது எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இன்றுதான் அந்தச் சுற்று ஊரார் முன்னால் ஓடப்போகிறது.

* * *

சலாமும் ரபியாவும் வெள்ளனே கடைக்கு வந்துவிட்டார்கள். கோட்டும் டையும் சலாமை இன்னும் உயரமாகக் காட்டின. அத்தாவுக்கு முகமன் சொல்லிவிட்டு நேரே பின்னறைக்குள் நுழைந்தான்.

"ஹமீதா, அந்த ஒட்டிக்கிற விவகாரம் என்னாச்சு?"

ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் இரண்டு செக்குகள் அப்பளம்போல ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விடுகின்றன என்று அவன்தான் முந்தின லீவில் சொல்லியிருந்தான். கொடைக்கானல் ஈரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது பெரிய புதிராக இல்லை. மேஜை மேல் துணியால் மூடியிருந்த கருவியைத் திறந்தாள். ஒரு காகிதத்தை விட்டாள். பேசாமல் போனது. இரண்டை ஒட்டி விட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒண்ணுன்னா வெளிச்சம் ஓரளவு ஊடே வரும். ரெண்டுன்னா மங்கிரும். அம்புட்டுத்தான்ணே."

சலாம் தானே ஒரு முறை செய்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "அடி ஆத்தி! மெட்ராஸ்ல நாலு பேர் மண்டையை ஒடைச்சுக்கிட்டு இருக்கோம். சாயந்தரம் வந்து இதை எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கங்க. அண்ணே, பேட்டன்ட் வந்துருச்சா?"

அவன் டையைச் சரி செய்துகொண்டான். "வரும், வரும். கவர்மெண்டுச் சோலி ஆமை மாதிரிதான் நகரும்."

ரபியா அலமாரியில் அடுக்கியிருந்த வால்வு டப்பாக்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஹமீதுன்னிசா அதைக் கவனித்தாள். ஆனால் அப்போது அதற்கு எந்த அர்த்தமும் தோன்றவில்லை.

"நானும் வர்றேன்ணே. மிஷின் ஓடுறதை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லையே."

சலாம் அத்தாவைப் பார்த்தான்.

இப்ராம்சா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "பண்ணைக்காட்டுலருந்து ரேடியோ வாங்க ஆளனுப்புறதாச் சொல்லியிருக்காங்க. கடையில ஆளில்லேன்னா நல்லாவா இருக்கும்? நானும் இவனும் போய்ட்டு வெரசா வந்துர்றோம். நீ இரு."

பண்ணைக்காட்டில் காபியும் மிளகும் வியாபாரம் செய்யும் அலாவுதீன் ராவுத்தர் வீட்டில்தான் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

ரபியா, தான் கொஞ்ச நேரம் ஹமீதாவோடு இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். ஆண்கள் இருவரும் ஏரிப் பக்கம் இறங்கினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ரபியா கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"முக்காட்டைப் போடு. போவோம்."

"அத்தா வேணாம்னாங்களே, மதினி?"

"நான்தான் இழுத்துட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன். நீ வந்தே ஆகணும், ஹமீதா."

அவள் குரலில் விளையாட்டு இல்லை.

* * *

ஓட்டல் கூடத்தில் பேங்க் மேனேஜர்களும் அவர்கள் மனைவிமார்களும் நிறைந்திருந்தார்கள். ரபியாவும் ஹமீதுன்னிசாவும் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அத்தாவின் தொப்பி தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் கம்பெனி முதலாளி சேனாதிபதி. பழனியில் சின்னப் பட்டறை வைத்து ஆரம்பித்து மெட்ராஸ்வரை போனவர். பேச்சு குறைவு, கவனம் அதிகம் என்று சலாம் அடிக்கடி சொல்லும் மனிதர்.

மேடையில் மிஷின். எருமைக் கன்று அளவு இருந்தது. சலாம் விசையைத் தட்டியதும் 'டக் டக் டக்' என்று செக்குகள் பாய்ந்து பெட்டி பெட்டியாக விழுந்தன. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

ஹமீதுன்னிசா கண்ணை இமைக்கவில்லை. அவள் காது அந்த டக் டக்கிலேயே இருந்தது.

சித்திரைக் கடைசியில் மத்தியானம் ஆனால் போதும், மழை சொல்லிவைத்தாற்போல வரும். வெளியே வானம் இருண்டது. தூரத்தில் உருட்டிய இடி ஏரிக்கு மேலேயே வந்து வெடித்தது. கூடத்து விளக்குகள் மங்கின. அடுத்த நொடி கண் கூசும்படி வெளுத்தன. யாரோ ஒரு அம்மாள் வீறிட்டாள்.

மிஷின் நின்றது.

சலாமின் கை விசை மேல் அப்படியே இருந்தது. சேனாதிபதி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஹமீதுன்னிசா மனசுக்குள் சொன்னாள்: 'இரு. பதறாதே. அது இப்பத்தான் மூச்சு வாங்குது.'

டக். டக் டக். டக் டக் டக்.

விட்ட இடத்திலிருந்து மிஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு டிரான்சிஸ்டர்கூடச் சாகவில்லை. கூடம் முழுவதும் கைதட்டியது. ஹமீதுன்னிசா ரபியாவின் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டுப் பின்னறையில் மாசக்கணக்காகத் தான் கற்பனை செய்து பார்த்த காட்சி, இத்தனை பேர் முன்னால், ஒரு நிஜ இடிக்கு நடுவில்!

முன்வரிசையில் ஒரு மேனேஜர் எழுந்தார். "மிஸ்டர் சலாம், நடுவுல நின்னு மறுபடி ஓடுச்சே. அது எப்படி?"

சலாம் சிரித்தான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "எங்க வீட்டுப் பேச்சுலயே சொல்றேன் சார். கதவை ஒடைக்க ஒருத்தன் ஓடியாரான். நாம கதவைச் சாத்திப் பிடிச்சா, கதவும் போகும், நாமளும் போவோம். அதனால முன்கதவு, கொல்லைக்கதவு ரெண்டையும் தொறந்து விட்டுரணும். வந்த வேகத்துல வீட்டுக்குள்ள பூந்து கொல்லைப்பக்கமாப் போயிருவான். பெறகு கதவைச் சாத்திட்டு நம்ம சோலியைப் பாக்கலாம்."

கூடம் சிரித்தது. மறுபடியும் கைதட்டல்.

ஹமீதுன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வார்த்தைகள் அவளுடையவை. கொல்லைக்கதவுகூட அவளுடையது. கடைப் பின்னறை மேஜையில், இவனிடம், இதே ஏற்ற இறக்கத்தோடு அவள் சொன்னது. 'இதோ, அடுத்தபடி என் பேரைச் சொல்வார்' என்று காத்திருந்தாள்.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் ஒரு மழை நாள்ல எனக்கு இது தோணுச்சு" என்றான் சலாம்.

சேனாதிபதி மேடை ஏறினார். "ஒரு நல்ல சேதியும் சொல்லிடறேன். மிஷினுக்குக் கம்பெனி பேர்ல பேட்டன்ட் ஏற்கனவே இருக்கு. இந்தக் காப்புச் சுற்றுக்குத் தனியா ஒரு பேட்டன்ட், போன மாசம் கெடைச்சிருச்சு. அதைக் கண்டுபிடிச்சவர்ங்கிற எடத்துல ஒரே ஒரு பேருதான். எங்க அப்துல் சலாம்."

ஒரே ஒரு பேர்.

ஹமீதுன்னிசா அத்தாவைத் தேடினாள். பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. அவர் திடுக்கிடுவார், எழுந்திருப்பார், 'என்னப்பா இது' என்று மகனைப் பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். தெரிந்த சேதியை மறுபடி கேட்கும் மனிதரின் நிதானத்தோடு.

யாரோ ஒட்டிக்கொள்ளும் செக்குகளைப் பற்றிக் கேட்டார்கள். "அதுக்கும் வழி பண்ணிட்டேன் சார். இன்னிக்குச் சாயந்தரமே எங்க முதலாளிக்குக் காட்டப் போறேன்" என்றது அண்ணனின் குரல்.

அதற்கு மேல் அவள் அங்கே உட்காரவில்லை.

* * *

மழை ஏரியைத் துளைத்துக்கொண்டிருந்தது. வராந்தாத் தூண் ஓரம் நின்றிருந்தவளைத் தேடிக்கொண்டு சலாமே வந்துவிட்டான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஒன்னை வரவேணாம்னாங்கள்ல?"

அவன் முதலில் கேட்டது இதைத்தான். அவள் எதிர்பார்த்திருந்த நூறு வார்த்தைகளில் இது இல்லை.

"ஆமைன்னீங்களே அண்ணே. அது போன மாசமே வந்து சேந்துருச்சாமே."

"மெதுவாப் பேசு. ஹமீதா, நான் சொல்றதைக் கேளு. கம்பெனிக்கு வெளிய உள்ள ஒருத்தர் பேரு அதுல இருந்தா ஆயிரம் கேள்வி வரும். நீ யாரு, எங்க வேலை பாத்தே, எங்க லேபரட்டரின்னு கேப்பான். ரேடியோக் கடைப் பின்னறைன்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்லியிருக்கலாமே. அதானே நெசம்?"

"நெசத்தை வச்சு என்னத்தப் பண்ண? அப்ப என் வேலை ஊசலாடிக்கிட்டு இருந்துச்சு. நாலு பேரு என் எடத்துக்குக் காத்துக் கெடந்தான். நான் நிமிந்தாத்தானே நம்ம குடும்பம் நிமிரும்?"

"எம் பேரை எடுத்துட்டீங்க. அதைச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை... மதினியோட வந்து டீ குடிச்சீங்களே, ரெண்டு பெருநாளைக்கு. அப்பல்லாம் எம் மூஞ்சியைப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

சலாம் தூணில் வழியும் தண்ணீரைப் பார்த்தான். "அத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். அவுங்க சரின்னாங்க."

அவன் அதைத் தன் தப்புக்கு ஒரு குடைபோல விரித்துப் பிடித்தான். தன் தலை நனையாமல் இருந்தால் போதும் அவனுக்கு.

"போங்கண்ணே. உள்ள தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

* * *

சாயந்தர அஸர் தொழுகை முடித்துவிட்டு இப்ராம்சா கடைக்கு வந்தபோது, ஹமீதுன்னிசா நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு பின்னறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்த நடையிலேயே எல்லாம் தெரிந்தது. மகள் கூடத்துக்கு வந்ததும், எழுந்து போனதும் அவருக்குச் சேதி போயிருந்தது.

"எப்ப இருந்து தெரியும், அத்தா?"

அவர் குடையைச் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றித் தட்டினார். "அவன் எழுதிப் போடுறப்பவே கேட்டான்."

"அவுங்க கேட்டாங்க. நீங்க குடுத்தீங்க. அது யாரோடதுன்னு ரெண்டு பேருக்குமே தோணலையா?"

"வீட்டுக்குள்ள என்னம்மா ஒன்னுது, அவனுது? ஒரு தட்டுல சாப்புட்டு வளந்த புள்ளைங்க நீங்க."

"அப்ப எம் பேரை மட்டும் போட்டிருக்கலாமே. ஒரே தட்டுதானே?"

இப்ராம்சாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் எப்போதும் செய்வதுபோல ஒரு ரேடியோவைத் துடைக்க ஆரம்பித்தார். "பொம்பளப் புள்ள பேரு கெஜட்டுல வரும், பேப்பர்ல போடுவான், எவனெவனோ தேடிட்டு வந்து பேசுவான். பண்ணைக்காட்டுக்காரங்க காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க? இன்னும் நாலு மாசத்துல அங்க போய் அடுப்படியில நிக்கப் போறவளுக்குப் பேட்டன்ட் எதுக்குங்குறேன்?"

"அடுப்படிக்குத்தான்னா என்னை ஏன் மதுரைக்கு அனுப்புனீங்க? ஊரே கேலி பேசுச்சு. 'ராவுத்தர் மகளை ஆம்பளையாக்கப் போறாரு'ன்னாங்க. நீங்க காதுலயே வாங்கலையே அத்தா. என்னைக் காலேஜ்ல விட்டுட்டு, பஸ் கெளம்புறவரைக்கும் வாசல் கேட்டுப் பக்கத்துலயே நின்னீங்களே. அந்த அத்தா எங்க போனாங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவர் துணியை மேஜையில் வைத்தார். "எனக்கு அவன் வேலை போயிருமோன்னு பயமா இருந்துச்சு, தாயி" என்று மட்டும் சொன்னார். குரல் தணிந்திருந்தது. "ஒனக்குச் சொன்னா நீ கேக்க மாட்டே. அதான் சொல்லலை."

அண்ணன் செய்ததை நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது; கத்தலாம், சண்டை போடலாம். ஆனால் இந்த மனிதரிடம் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, 'பேட்டன்ட் வந்திருக்குமா அத்தா?' என்று அவள் கேட்கும்போதெல்லாம், 'வரும், வரும்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். மகனுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தையா, மகனிடம் கற்றுக்கொண்ட வார்த்தையா என்று தெரியவில்லை.

வாசலில் காலடிச் சத்தம். சலாமும் ரபியாவும் நனைந்தபடி உள்ளே வந்தார்கள்.

* * *

"முதலாளி பின்னாலயே ஜீப்புல வர்றாரு" என்றான் சலாம். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "காலையில வெள்ளனே மலை எறங்கிருவாராம். அதனால இப்பவே பாக்கணும்ங்குறாரு. ஹமீதா, கோபமெல்லாம் பெறகு வச்சுக்கலாம். அதை ஒரு தடவை ஓட்டிக் காமி."

"ஓட்டணுமா?"

"இந்த ஒரு தடவை. அடுத்ததுல ஒம் பேரைப் போட்டுடறேன். அல்லா மேல ஆணை."

"ஏங்க, ஆணையெல்லாம் வேணாம்" என்றாள் ரபியா. சலாம் அவளை முறைத்தான்.

ஹமீதுன்னிசா துணியை விலக்கினாள். இரண்டு காகிதங்களை ஒட்டிக் கருவிக்குள் விட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சலாம் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அவள் விசையை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, முதல் இணைப்பின் மேல் வைத்தாள். ஈயம் உருகியது. ஒரு டிரான்சிஸ்டர் கையோடு வந்தது. அதை ஊதி ஆற வைத்து ஒரு டப்பாவில் போட்டாள்.

"என்ன பண்றே?"

அடுத்ததும் வந்தது. அதையும் அதற்குரிய டப்பாவில் போட்டாள். வெளிச்சத்தை அளக்கும் கண்ணைக் கழற்றிப் பஞ்சில் சுற்றினாள். பதறவில்லை, எதையும் உடைக்கவில்லை. ரிப்பேருக்கு வந்த சாமானைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏய், நிறுத்துடி!" சலாம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சூடா இருக்கு. கையை எடுங்கண்ணே" என்றாள் அவள். அவன் எடுத்துவிட்டான்.

"இதை நான் மறுபடி செஞ்சுருவேன்" என்றாள், கண்ணை நிமிர்த்தாமல். "உங்களால முடியுமா?"

இப்ராம்சா நாற்காலியில் உட்கார்ந்தார். மகளைத் தடுக்க அவர் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வெளியே ஜீப் வந்து நின்றது. சேனாதிபதி தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் தார்ப்பாய் போர்த்தி மிஷினைக் கட்டியிருந்தார்கள். மழைக்குத் தலையைக் குனிந்தபடி அவர் கடைக்குள் ஓடி வந்தார்.

"வணக்கம் ராவுத்தரய்யா. எங்க சலாம், உங்க புது வித்தை?"

மேஜையில் வெறும் பலகையும் டப்பாக்களும் இருந்தன. சலாமின் உதடு அசைந்தது. "கொஞ்சம் கழட்டிப் பாத்துக்கிட்டு இருந்தோம் சார். நாளைக்கு நான் மெட்ராஸுக்கு..."

"சார்" என்றாள் ரபியா.

அவள் அன்னிய ஆணிடம் நேருக்கு நேர் பேசி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சேனாதிபதிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவரைக் கேக்காதீங்க சார். அவருக்கு இதைப் பத்தித் தெரியாது. இதைச் செஞ்சது ஹமீதா. நீங்க பேட்டன்ட் வாங்குனீங்களே, அந்தக் காப்புச் சுற்று, அதைச் செஞ்சதும் ஹமீதாதான். 'மொதல்ல ஒம் பேரு, பெறகு எம் பேரு'ன்னு இவரு சொன்னப்ப நான் பக்கத்துல நின்னுதான் டீ ஊத்திட்டு இருந்தேன்."

"ரபியா!"

"எத்தனை தடவை சொல்லிட்டேங்க, நீங்களே சொல்லிருங்கன்னு. சொல்லலை. அதான் இவளை நான் கூடத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். வேற யாரும் சொல்லி இவ கேக்கக்கூடாது. உங்க வாயால கேக்கட்டும்னு."

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. சேனாதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் சத்தம் போடவில்லை.

"அப்துல் சலாம், இதை உண்மையா, மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான்னு சத்தியம் எழுதி, எம் முன்னாடி கையெழுத்துப் போட்டீங்க. பேட்டன்ட் ஆபீசுக்கு அது போயிருக்கு. அது பொய்யின்னா உங்க வேலையோட முடியற காரியமில்ல. கோர்ட்டுவரைக்கும் இழுக்கும். புரியுதா?"

பிறகு ஹமீதுன்னிசா பக்கம் திரும்பினார். "உங்க மதினி சொல்லிட்டாங்க. நான் உங்க வாயால கேக்கணும்மா. நீங்க இல்லேன்னு சொன்னா, நான் இதை இங்கேயே மறந்துட்டு ஜீப் ஏறிடுவேன்."

"ஹமீதா" என்றார் இப்ராம்சா. "அவன் உன் கூடப்பொறந்தவன், தாயி."

கோர்ட் என்ற வார்த்தை அவளை உலுக்கியது. இவ்வளவு தூரம் அவள் நினைத்திருக்கவில்லை. ஒரு பெயர், தன் பெயர், அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதச் சொல்லிக் கேட்பதற்கு இத்தனை பெரிய விலையா? அவள் ரபியாவைப் பார்த்தாள். நாளைக்கு இந்த மனிதனோடு வாழ வேண்டியவள் அவள். இப்போதாவது அவள் தலை குனிவாள், கண்ணால் கெஞ்சுவாள் என்று நினைத்தாள்.

ரபியா குனியவில்லை. கன்னம் முழுவதும் கண்ணீர். ஆனாலும் நிமிர்ந்தே நின்றிருந்தாள்.

ஹமீதுன்னிசா இன்னொரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். மொத நாள்லருந்து சொல்றேன்."

அவள் சொன்னாள். கருகிய தகடு வந்த ஐப்பசி மழையிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் செய்த சுற்று ஏன் தோற்றது, அடுத்தது எங்கே தப்பியது, கொல்லைக்கதவைத் திறந்துவிடலாம் என்று எப்போது பிடிபட்டது. சேனாதிபதி நடுநடுவே கேள்வி கேட்டார். சாதாரணக் கேள்விகள் இல்லை. தொழில் தெரிந்த மனிதர் கேட்கும் கேள்விகள். டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டிக் காட்டி அவள் பதில் சொன்னாள். இப்ராம்சாவும் தன்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் இரண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவருக்கே இன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

அவள் பேசி முடித்து நிமிர்ந்தபோது சலாம் நின்ற இடம் காலியாக இருந்தது.

"எங்க அவரு?" என்று ரபியா வாசலுக்கு ஓடினாள். கூரை மேல் விழுந்த மழைச் சத்தத்தில் அவன் போனது யார் காதிலும் விழவில்லை.

வாசலில் ஜீப்பும் இல்லை; சாவியைச் சேனாதிபதி வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மிஷின்!" என்று சேனாதிபதி எழுந்தார். "மிஷின் அதுலதான் இருக்கு."

அடிவாரத்துப் பட்லகுண்டுக்கு இறங்கும் மலைச்சாலையில் பனிமூட்டம் இறங்கி, எதிர்ப்புறம் இருந்த பிளம்ஸ் மரங்களைக்கூட மறைத்துக்கொண்டிருந்தது. அந்த மூட்டத்துக்குள் எங்கோ கீழே ஒரு வண்டியின் ஹாரன் ஒரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.